தட்டில் வளராத தொழுநோய்க் கிருமி

நார்வேயின் பெர்கன் நகரில் மருத்துவர் ஆர்மவுர் ஹான்சன் 1873இல் தொழுநோய்க் கிருமியை நுண்ணோக்கியில் கண்டார். 150 ஆண்டுகள் கடந்தும் ஆய்வகத் தட்டில் அதை யாராலும் வளர்க்க முடியவில்லை. அதன் உறவான காசநோய்க் கிருமி சில வாரங்களில் வளர்ந்துவிடுகிறது.

காரணம் 2001இல் தெளிவானது. அப்போது மரபணுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்ட கிருமி, தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்டது. அதனால்தான் அதற்கு ‘டிஎன்’ என்று பெயர். அதைப் பெருக்கியது, உடல் வெப்பம் குறைந்த ஆர்மடில்லோ என்ற விலங்கின் உடலில். அந்தக் கிருமியில் வேலை செய்யும் மரபணுக்கள் சுமார் 1,600தான்; பழுதாகிக் கிடப்பவை 1,100க்கு மேல். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ 4,000 உண்டு. செல்லுக்குள்ளேயே ஒண்டி வாழ்ந்து, தனித்துப் பிழைக்கும் திறனைத் தொழுநோய்க் கிருமி இழந்துவிட்டது. ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகிறது.

ஆகவே கிருமியை நோயாளியின் தோலிலேயே தேட வேண்டும். காது மடலை ரத்தம் வராதபடி இரு விரல்களால் இறுக்கிப் பிடித்து, பிளேடால் சிறிதாகக் கீறி, சுரண்டியதைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயமேற்றுவார்கள். நீலப் பின்னணியில் கிருமிகள் சிவந்த குச்சிகளாகத் தெரியும். ஒரு கிராம் திசுவில் சுமார் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் இப்படிக் கண்ணில் படும். ஓரிரு தேமல் மட்டும் உள்ளவருக்குப் பெரும்பாலும் ‘இல்லை’ என்றே முடிவு வரும்.

கொரோனாவால் எல்லோருக்கும் தெரிந்துபோன பிசிஆர் சோதனை இங்கே உதவுகிறது. இக்கிருமியின் டிஎன்ஏவில் ஒரே துண்டு 30க்கும் மேற்பட்ட இடங்களில் திரும்பத் திரும்ப வருவதால், அதைக் குறிவைத்தால் சொற்பக் கிருமியும் சிக்கும். ஆனால் செத்த கிருமியின் டிஎன்ஏவும் சேர்ந்தே சிக்கும். சிகிச்சை பலித்ததா என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது.

மருந்துக்குக் கிருமி அடங்குகிறதா என்று பார்க்க, முன்பு எலியின் பாதத்தில் அதை ஊசியால் செலுத்தி மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். இன்று ரிஃபாம்பிசின், டாப்சோன் மருந்துகளை எதிர்க்கவைக்கும் மரபணு மாற்றங்களை நேரடியாகப் படித்தே அறியலாம். எனக்கு இதுதான் பெரிய முன்னேற்றமாகத் தெரிகிறது.

இருந்தாலும் நோயை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் சுகாதாரப் பணியாளரின் கைதான். நிறம் மங்கிய, தொட்டால் உணர்வில்லாத தேமல் இருந்தால் தாமதிக்காமல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கூட்டு மருந்து இலவசம். 6 முதல் 12 மாதங்களில் குணமாகும். நரம்பு கெடும் முன்பே தொடங்கினால் கையும் காலும் ஊனமின்றித் தப்பும்.