அச்சின் பிழையும் அரத்தின் வேலையும்

நாணயச்சாலையில் வெற்றுத் தகடு இரண்டு அச்சுகளுக்கு நடுவே அழுத்தப்படும்போது உலோகம் அச்சின் பள்ளங்களுக்குள் ஏறிப் புடைப்புருவமாவதால், அச்சில் விழுந்த கீறல் காசில் மேடாகவும், புழக்கத்தில் விழுந்த கீறல் பள்ளமாகவும் தோன்றும். நாணயச்சாலையிலேயே நேர்ந்த பிழையையும் பின்னர் நேர்ந்த சேதத்தையும் பிரித்தறியும் முறைகளுள் பெரும்பாலானவை இந்த ஒரு நியதியிலிருந்தே பிறக்கின்றன.

இதற்கு, அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலையில் 1937இல் அடிக்கப்பட்ட ஐந்து சென்ட் நாணயத்தைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது. ஜேம்ஸ் ஏர்ல் ஃபிரேசர் வடிவமைத்து, 1913 முதல் 1938 வரை வெளியான இவ்வகைக் காசின் பின்புறத்தில் காட்டெருமை ஒன்று நிற்கிறது. இடையில் தகடு இல்லாமல் அச்சுகள் ஒன்றோடொன்று மோதினால் ஒன்றின் உருவம் மற்றொன்றில் தழும்பாகப் பதியும். அத்தழும்பைப் போக்குவதற்காக அச்சின் முகம் அளவுமீறித் தேய்க்கப்பட்டபோது, ஆழம் குறைந்த பள்ளங்களே முதலில் மறையும் என்பதற்கேற்ப, விலங்கின் வலது முன்கால் அழிந்து குளம்பு மட்டும் எஞ்சியது. இந்த மூன்றுகால் காசுக்குப் பெரும் விலை கிடைப்பதால், சாதாரணக் காசின் காலை அரத்தால் ராவி விற்கும் மோசடியும் கூடவே வளர்ந்தது.

ராவப்பட்ட இடத்தில் நுண்கீறல்கள் ஒரே திசையில் ஓடும். சுற்றியுள்ள பரப்பின் இயல்பான மெருகு அங்கே அறுபடும். உண்மையான காசிலோ, வயிற்றிலிருந்து தரை நோக்கி வளைந்திறங்கும் சிறு புள்ளிகள் மேடாக நிற்கும். பின்னங்காலும் அரித்ததுபோல மெலிந்திருக்கும். உலோகத்தை அகற்ற மட்டுமே வல்ல அரத்தால் அப்புள்ளிகளை எழுப்ப முடியாது என்பதால், கால் இல்லாமையைக் காட்டிலும் புள்ளிகள் இருப்பதே உறுதியான சான்றாகும். எடை இங்கே அதிகம் உதவாது. ஐந்து கிராம் காசில் ராவலால் குறைவது சொற்பமே, புழக்கத் தேய்மானமும் எடையைக் குறைக்கும்.

ஆயினும் மேடெல்லாம் நாணயச்சாலையின் வேலையென்று கொள்வது தவறு. பிரிட்டிஷ் இந்தியாவின் 11.66 கிராம் வெள்ளி ரூபாய்கள் பல, மாலையில் கோப்பதற்காக வளையம் பற்றவைக்கப்பட்டவை. வளையத்தை நீக்கிய பின்னும் பற்றாசு விளிம்பில் திட்டாக எஞ்சி, எழுத்துகளின் மேல் படிந்து, நிறத்திலும் வேறுபட்டிருக்கும். அச்சில் ஏற்பட்ட வெடிப்பால் உண்டாகும் மேடு, காசின் உலோகத்தோடு ஒன்றாய், அதே நிறத்தில் அமையுமேயன்றி இவ்வாறு மேலே ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை.