நெஞ்சு வலியும் தேர்வுரிமையும்: வடசென்னை உழைப்பாளர் அறிய வேண்டியவை

மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது பணமும் ஓய்வும் உள்ளோரின் வசதி என்றே நம் சமூகம் கருதிப் பழகியுள்ளது. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் சுமைப்பணி, தூய்மைப்பணி, ஒப்பந்தப்பணி செய்யும் தலித் மக்களில் பலர், நெஞ்சு வலி வந்தால் ‘வாயுப் பிடிப்பு’ என்று சோடா குடித்துவிட்டு வேலைக்குத் திரும்புகின்றனர். மணலி, எண்ணூர் காற்றில் கலந்துள்ள நுண்துகள்களோ மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுபவை. ஆபத்தை அதிகம் சுமப்போருக்கே தகவல் குறைவாகக் கிடைக்கிறது.

கையிலோ தொடையிலோ உள்ள இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, இதயத் தமனியின் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் பொருத்துபவர் இதய ஊடுருவு சிகிச்சை நிபுணர். நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்யும் அறுவை மருத்துவர் வேறு. இவரை நாடும் சூழல்கள் இரண்டு. இரண்டிலும் தேர்வின் பொருள் ஒன்றல்ல.

அவசர நிலை: மருத்துவமனையைத் தேர்ந்தெடுங்கள்

மாரடைப்பின்போது மருத்துவரின் பெயரை விசாரிக்க நேரமில்லை. 108 ஆம்புலன்ஸை அழைத்து, இ.சி.ஜி. எடுத்து, கேத் லேப் இயங்கும் இடத்தை விரைந்து அடைவதே முதன்மை. முதல் மருத்துவத் தொடர்பிலிருந்து 120 நிமிடங்களுக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய இயலாதெனில், தகுதியுடைய நோயாளிக்கு முதலில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, பின் ஆஞ்சியோகிராமுக்கு அனுப்புவதே ஏற்கப்பட்ட முறை. கன்டெய்னர் லாரிகள் அணிவகுக்கும் எண்ணூர் நெடுஞ்சாலையில் இந்தக் கணக்கு உயிரின் கணக்கு. 2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டப்படி, ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களிலேயே முதல்கட்ட மாத்திரைகள் அளிக்கப்பட வேண்டும். அரசு ஸ்டான்லி மருத்துவமனை, இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஓமந்தூரார் பன்னோக்கு மருத்துவமனை ஆகியவற்றில் இருதயவியல் துறைகள் உள்ளன.

திட்டமிட்ட சிகிச்சை: மருத்துவரைத் தேர்ந்தெடுங்கள்

வலி கட்டுக்குள் இருக்கும்போது அவசரம் வேண்டாம். மருத்துவர் இருதயவியலில் டி.எம். அல்லது டி.என்.பி. பட்டம் பெற்றவரா, தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் பதிவு பெற்றவரா எனப் பாருங்கள். ஆண்டுக்கு எத்தனை ஆஞ்சியோபிளாஸ்டி செய்கிறார், சிக்கல் நேர்ந்தால் உடனடியாக பைபாஸ் செய்யும் வசதி எங்கே உள்ளது, ஸ்டென்ட் அவசியம் ஏன், மாத்திரை மட்டும் போதாதா, சிகிச்சைக்குப்பின் எத்தனை மாதம் மாத்திரை உட்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியமானது. காசில்லாமல் மாத்திரையை இடையில் நிறுத்தினால் ஸ்டென்ட் மீண்டும் அடைபடக்கூடும். 2020இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வு, நிலையான இதயநோயில் மருந்துச் சிகிச்சையோடு தொடக்கத்திலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸைச் சேர்ப்பது மரணத்தைக் குறைக்கவில்லை என்று காட்டியது. வலி குறைவது வேறு பயன். எனவே இரண்டாவது கருத்துக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது.

பணம்

ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்கு மிகாத குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். அட்டையை நோய் வருமுன்பே பெற்றுவிடுங்கள். மாத ஊதியம் ரூ.21,000 வரை பெறும் ஒப்பந்தத் தொழிலாளி இ.எஸ்.ஐ. உரிமையைக் கேட்டுப் பெற வேண்டும். வழக்கறிஞர் பீரேந்தர் சாங்வான் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக ஸ்டென்டுகள் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டின் உச்சவிலை ரூ.29,600 என நிர்ணயிக்கப்பட்டது. இவ்வுச்சவிலை அவ்வப்போது மாற்றப்படுகிறது. ஸ்டென்டின் விலையை ரசீதில் தனியாகக் காட்ட மருத்துவமனை கடமைப்பட்டது.

சட்டம்

இரயிலிலிருந்து விழுந்த விவசாயக் கூலி ஹக்கீம் ஷேக்கைப் பல அரசு மருத்துவமனைகள் திருப்பியனுப்பிய வழக்கில் (1996), அவசர சிகிச்சை மறுப்பு அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமீரா கோலி வழக்கு (2008), சோதனைக்கு அளித்த ஒப்புதல் சிகிச்சைக்கான ஒப்புதலாகாது என்றது; ஆஞ்சியோகிராமுக்கு இட்ட கையெழுத்தையே ஸ்டென்டுக்கான சம்மதமாகக் கொள்ள முடியாது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்குமுறை விதி. சாதியின் பெயரால் மருத்துவமனையில் நுழைவதைத் தடுப்பது, 2015 திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்கீழ் குற்றம்.

இவற்றை அறிந்த ஒரு மாணவர் நோயாளியோடு புறநோயாளர் பிரிவுக்குச் சென்று, மேற்சொன்ன கேள்விகளைக் கேட்டாலே நிலைமை மாறும். தெருவுக்கு ஒருவர் காப்பீட்டு அட்டைகளைச் சரிபார்க்கலாம். அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் ‘இதயம் காப்போம்’ மாத்திரைகள் இருப்பில் உள்ளனவா என்று விசாரித்து, இல்லையெனில் எழுத்துமூலம் முறையிடலாம். உயிர்வாழும் உரிமைக்கான போராட்டம் இங்கிருந்தும் தொடங்கலாம்.