ஆமென்று தட்டுவதற்கு முன்

கனடாவின் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளை நிறுவப் போனார். 2021 நவம்பரில் வெளியான அந்தக் காணொளியில், வேலை முடியும்போது டெஸ்க்டாப்பே காணாமற் போயிருந்தது. மிஞ்சியது கறுப்புத் திரையும் எழுத்துகளும்.

காரணம் வைரஸ் அல்ல, பொதிச் சார்பு வழு. லினக்ஸில் ஒவ்வொரு மென்பொருள் பொதியும் தனக்கு எந்த நிரல் நூலகம், எந்தப் பதிப்பில் வேண்டுமென்று தன்னுள்ளேயே எழுதி வைத்திருக்கும். டெபியன், உபுண்டு வகைகளில் இந்த நிபந்தனைகளையெல்லாம் பொருத்திப் பார்ப்பது ஆப்ட் என்ற கருவி. மாத்தளைத் தோட்டங்களில் மிளகுக்கொடி தாங்குமரத்தைப் பற்றி ஏறுவதுபோல மென்பொருள்கள் நூலகங்களைப் பற்றி நிற்கின்றன. ஒரே மரத்தில் பல கொடிகள் இருந்தால், புதிய கொடிக்காக அந்த மரத்தை வெட்டும்போது பழையவையும் சரியும்.

செபாஸ்டியனுக்கு நடந்தது அதுதான். 32 பிட், 64 பிட் பொதிகளின் பதிப்புகள் ஒத்துப்போகவில்லை. ஆப்ட் கண்ட வழி, டெஸ்க்டாப்பை அகற்றுவது! அதை அது மறைக்கவுமில்லை. அகற்றப்போகும் பெயர்களை வரிசையாகக் காட்டி, ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச்சுச் செய்து சம்மதிக்கச் சொன்னது. அவர் செய்தார். பிறகு வந்த ஆப்ட் 2.3.12, அத்தியாவசியப் பொதிகளை இப்படி அகற்ற மறுத்துவிடும். பயனரைக் குறைசொல்லாமல் கருவியைத் திருத்தியது சரியான முடிவென்றே நினைக்கிறேன்.

உங்கள் கணினியில் இவ்வழு வந்தால் முதலில் அப்டேட் கட்டளையால் பொதிப்பட்டியலைப் புதுப்பியுங்கள். நிறுவும்போது மின்சாரம் போயிருந்தால் அது வேறு கோளாறு. 2022இல் 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட இலங்கையில் அதுவும் நடக்கக்கூடியதே. டிபிகேஜி என்ற பொதி நிறுவும் கருவியின் கன்ஃபிகர் கட்டளை பாதியில் நின்றதை முடித்துவைக்கும். இரண்டும் பலிக்காவிட்டால், நீங்களாகச் சேர்த்த வெளி மென்பொருள் களஞ்சியங்களைச் சந்தேகியுங்கள். பெரும்பாலும் பொருந்தாத பதிப்பு அங்கிருந்துதான் வரும்.

களஞ்சியத்திலேயே தவறென்றால் காத்திருப்பதே மருந்து. ஒரு பொதி வந்து, அதன் துணைப்பொதி வந்துசேராத இடைவெளி பலமுறை தானாகவே சரியாகிவிடும். அதுவரை ஹோல்ட் கட்டளையால் பழைய பதிப்பைப் பிடித்துவையுங்கள். இணையத்தில் கிடைத்த நூலகத்தை வலிந்து நுழைக்க வேண்டாம். ‘அகற்றப்படும்’ என்ற பட்டியலை வாசிக்காமல் ஒருபோதும் ஆமென்று தட்டாதீர்கள்.