ரேஸ் கேமில் முதல் பாடம் பிரேக்

கார் ரேஸ் கேமை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்களில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். ஆக்ஸிலரேட்டர் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டு, வளைவுக்கு வளைவு சுவரில் போய் முட்டுவார்கள். நாலைந்து முறை முட்டியதும், இந்த வண்டி சரியில்லை, இதைவிட வேகமான வண்டி வேண்டும் என்று தோன்றும். புது வண்டி வந்ததும் முட்டுகிற வேகம் கூடுமே தவிர, ரேஸில் வாங்கும் இடம் மாறாது. நேர்சாலையில் பட்டனை அழுத்த யாருக்கும் பயிற்சி தேவையில்லை. அங்கே எல்லா ஆட்டக்காரரும் சமம். ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரிப்பது வளைவு. ஆகவே புதிதாக விளையாட வருபவர் முதலில் கற்க வேண்டியது வண்டியை எங்கே, எவ்வளவு மெதுவாக்குவது என்பதைத்தான். வேகம் அதற்குப் பிறகு தானாக வரும்.

கேம்களைச் செய்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 1997 டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷனுக்காக வெளிவந்த கிரான் டூரிஸ்மோவில், கசுனோரி யமௌச்சி தலைமையிலான குழு ஒரு விசித்திரமான நிபந்தனை வைத்தது: பல போட்டிகளுக்குள் நுழைய லைசென்ஸ் எடுக்க வேண்டும். அந்த லைசென்ஸ் தேர்வின் தொடக்கப் பாடம், வண்டியைக் கிளப்பிக் குறித்த கட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்துவது. எதிரியும் கிடையாது, வளைவும் கிடையாது. கட்டத்தைத் தாண்டினால் தோல்வி. 2022இல் வந்த கிரான் டூரிஸ்மோ 7 ஆட்டக்காரருக்கு முதலில் தருவது ஃபெராரி அல்ல. நம் ஊரில் ஜாஸ் என்ற பெயரில் ஓடிய ஹோண்டா ஃபிட் போன்ற சின்னக் கார். கைப்பேசியில் ஓடும் ஆஸ்பால்ட் வரிசை கேம்களில் ஆக்ஸிலரேட்டரை ஃபோனே பார்த்துக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டரை ஆட்டக்காரரிடமிருந்து எடுத்துவிட்ட பிறகும் அது விளையாட்டாகவே இருக்கிறதென்றால், திறமை வேறெங்கோ இருக்கிறது என்றுதானே பொருள்?

அது எங்கே இருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். இத்தாலியின் மோன்சா ட்ராக் பல ரேஸ் கேம்களில் உண்டு. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நேர்சாலை, அதன் முடிவில் சட்டென்று வலதும் உடனே இடதுமாக ஒடிந்து திரும்பும் குறுகலான வளைவு. புதியவர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் வரும் ஸ்போர்ட்ஸ் கார் இந்த வளைவுக்குள் 70 கி.மீ. வேகத்தில் நுழைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல டயரோடு, காய்ந்த தார்த்தளத்தில் பிரேக்கை முழுதாகப் பிடித்தால் ஒவ்வொரு நொடிக்கும் ஏறக்குறைய 35 கி.மீ. வேகம் குறையும். அப்படியானால் 70க்கு இறங்கச் சுமார் 140 மீட்டர் தூரம் வேண்டும். இப்போது பிரேக்கை அரை நொடி தாமதமாகப் பிடித்துப் பாருங்கள். அந்த அரை நொடிக்குள் வண்டி 28 மீட்டர் ஓடிவிடும். வளைவின் வாசலுக்கு வரும்போது முள் காட்டுவது 70 அல்ல, ஏறக்குறைய 110. அந்த வேகத்தில் அதே வளைவைத் திரும்ப டயருக்குத் தேவைப்படும் பிடிமானம் இரண்டரை மடங்கு. அவ்வளவு பிடிமானம் எந்தச் சாதாரண டயரிலும் இல்லை. சறுக்கியதற்குக் காரணம் ஸ்டீயரிங்கைத் திருப்பிய விதம் என்று ஆட்டக்காரர் நினைக்கிறார். தவறு நடந்தது வளைவுக்கு 140 மீட்டர் முன்னால்.

இதன் மறுபாதி டயரின் இயல்பில் இருக்கிறது. தரையோடு டயருக்கு இருக்கும் பிடிமானம் கையிலிருக்கும் மாதச் சம்பளம் மாதிரி. பிரேக்குக்கு முழுதும் செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சமிருக்காது. பிரேக்கை முழுதாக அழுத்திக்கொண்டே ஸ்டீயரிங்கையும் முழுதாக ஒடித்தால், வண்டி திரும்பாமல் நேராகவே வழுக்கிக்கொண்டு போவது இதனால்தான். ஆகவே பிரேக்கின் பெரும்பகுதியை வண்டி நேராக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். திரும்பத் தொடங்கியதும் பிரேக்கை மெல்ல மெல்ல விட வேண்டும். ஸ்டீயரிங் நேராகத் திரும்பி வர வர, அதே அளவுக்கு ஆக்ஸிலரேட்டரைக் கொடுக்க வேண்டும். வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்தில் முடிப்பதும் இதே கணக்குத்தான்: அப்படிப் போனால் வளைவின் ஆரம் பெரிதாகிறது, அதே பிடிமானத்தில் கூடுதல் வேகம் கிடைக்கிறது. நுழையும்போது கொஞ்சம் மெதுவாக நுழைந்தவர், வெளியேறும்போது முன்னதாகவே ஆக்ஸிலரேட்டரைத் தொடுகிறார். அந்த லாபம் அடுத்த நேர்சாலை முழுக்கக் கூடவே ஓடிவரும்.

கேம் என்பது பொழுதுபோக்கு, அதற்கு இவ்வளவு இயற்பியலா என்று கேட்கலாம். மரியோ கார்ட் விளையாடுபவருக்கு டயர் கணக்கு வேண்டாம் என்பது சரிதான். ஆனால் அங்கேயும் வளைவில் வண்டியைச் சறுக்கவிட்டு, சரியான நொடியில் நேராக்குபவருக்குத்தான் கூடுதல் உந்துதல் கிடைக்கிறது. விதி வேறு, வளைவுதான் தீர்ப்புச் சொல்கிறது என்பது மாறவில்லை. தவிர, மோதிக்கொண்டே இருப்பது பத்து நிமிடத்துக்குமேல் யாருக்கும் பொழுதுபோக்காக இருப்பதில்லை.

வீலும் பெடலும் வாங்காமல் இதெல்லாம் வருமா என்பது அடுத்த கேள்வி. வரும். பெரும்பாலான கன்ட்ரோலர்களின் பின்பக்க ட்ரிகர் அழுத்தும் அளவுக்கு ஏற்பப் பிரேக் பிடிக்கும்; பாதி அழுத்தினால் பாதிப் பிரேக். கீபோர்டில்தான் சிக்கல், அங்கே சாவிக்கு முழுப் பிரேக் அல்லது பூஜ்யம் என்ற இரண்டே நிலை. சாலையில் வண்ணக்கோடு போட்டுக் காட்டும் வசதி, ஏபிஎஸ், தானியங்கி கியர் ஆகியவற்றை வைத்துக்கொள்வது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். தொடக்கத்தில் அவை கைத்தாங்கல், வெட்கப்பட ஏதுமில்லை. வண்ணக்கோட்டில் மட்டும் ஒரு ஆபத்து உண்டு. அதையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் வளைவின் மறுமுனையைப் பார்ப்பதில்லை. அதனால் பிரேக் பிடிக்கும் இடத்தை ஒரு பலகை, ஒரு நிழல், தளத்தில் ஒரு ஒட்டு என்று ஏதாவது ஓர் அடையாளத்தோடு சேர்த்து மனத்தில் பதித்துக்கொண்டு, முதலில் அந்தக் கோட்டை நீக்குவது நல்லது. மற்றவற்றை அவசரமின்றி ஒவ்வொன்றாக எடுக்கலாம்.

கனமான ஆட்சேபம் ஒன்று மிச்சமிருக்கிறது. உடம்பை முன்னே தள்ளும் விசையும் இல்லை, பயமும் இல்லை. திரையில் கற்றது உண்மையான ஓட்டமாகுமா? இதற்கு ஓரளவு பதில் கிடைத்திருக்கிறது. கிரான் டூரிஸ்மோ ஆட்டக்காரர்களிலிருந்து ரேஸ் ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுத்த ஜிடி அகாடமி 2008இல் தொடங்கியது. முதலில் வென்ற ஸ்பெயின்காரர் லூகாஸ் ஒர்டோனெஸ் 2011 லெ மான் 24 மணி நேர ஓட்டத்தில் தன் பிரிவில் இரண்டாமிடம் வந்த அணியில் ஓட்டினார். 2011இல் வென்ற யான் மார்டன்பரோ 2013இல் அங்கே தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்ற அணியில் இருந்தார். ஆயினும் இவர்கள் பெருங்கூட்டத்திலிருந்து சலித்தெடுக்கப்பட்டவர்கள், நிஜக் காரில் கடும் பயிற்சியும் பெற்றவர்கள். கேம் கொடுத்தது வளைவைப் படிக்கும் கண்ணும் பிரேக்கின் தாளமும். மற்றதை நிஜ ட்ராக்தான் கொடுத்தது. பொதுச் சாலைக்கு அந்தக் கண் ஒரே வகையில்தான் பயன்பட வேண்டும்: வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க எடுக்கும் தூரம் நான்கு மடங்காகும் என்ற எச்சரிக்கையாக. கேமில் ரீஸ்டார்ட் பட்டன் உண்டு, சாலையில் கிடையாது.

எனவே புதிதாகத் தொடங்குபவர்கள் இருப்பதிலேயே மெதுவான காரை எடுங்கள். ஒரே ட்ராக்கில், எதிரிகள் இல்லாத டைம் ட்ரையலில் ஓட்டுங்கள். மிக வேகமான ஒரு லேப்பை விட, ஒன்றுக்கொன்று அரை நொடிக்குமேல் வித்தியாசமில்லாத ஐந்து லேப்களை இலக்காக வையுங்கள். அது கைகூடிய பிறகு அடுத்த காருக்குப் போகலாம்.