சாரலுக்கு முன்னால் ஒரு சீசன்

ஐந்தருவி என்றதும் எல்லோருக்கும் ஆனி, ஆடிச் சாரல்தான் நினைவுக்கு வரும். சித்திரையில் வந்து பாருங்கள், ஐந்து கிளைகளில் ஒன்றிரண்டு கசிந்தாலே அதிசயம். பாறைதான் மிச்சம்! ஆனால் இங்கேயே குடியிருக்கும் எங்களுக்குச் சித்திரையும் வைகாசியும் வேறொரு சீசன். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் வானம் மூடிக்கொள்ளும். அதற்கு முன்னால், கோடை மழை மிரட்டாத இரவுகளில், அடுக்களை வேலை முடிந்ததும் பாயும் கையுமாக மொட்டை மாடிக்கு ஏறிவிடுவோம். புழுக்கமும் தீரும், நட்சத்திரமும் பார்த்தாயிற்று.

ஏறின உடனே அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒண்ணையும் காணோமே" என்று இறங்கிவிடாதீர்கள். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிஷமாவது வேண்டும். நடுவில் செல்போனைத் திறந்தீர்களோ, மறுபடி முதலிலிருந்துதான்! அமாவாசையை ஒட்டிய நாட்கள் உத்தமம். அருவிப் பக்கம் போக வேண்டாம். மரமும் விளக்கும் மறைக்கும், காட்டோரத்தில் யானை நடமாட்டமும் உண்டு.

இருட்டியதும் முதலில் தென்மேற்கே பாருங்கள். மலைக்கு மேலே பளிச்சென்று தனியாக நிற்பது அகத்தியர் நட்சத்திரம். இரவு வானத்து நட்சத்திரங்களில் சிரியஸுக்கு அடுத்தபடி அதிகப் பிரகாசம் இதற்குத்தான். ஏப்ரலில் நிதானமாகப் பார்க்கலாம். மே பாதியில் இருட்டுவதற்கும் அவர் மலைக்குப் பின்னால் இறங்குவதற்கும் சரியாக இருக்கும். பொதிகை முனிவர் தம் மலைக்கே போய்விடுகிறார் என்பாள் எங்கள் ஆச்சி.

அடுத்து வடக்கே, கவிழ்த்த அகப்பை மாதிரி சப்தரிஷி மண்டலம். அகப்பைக் காம்பின் நுனியிலிருந்து இரண்டாவது வசிஷ்டர். அவரை ஒட்டி மங்கலாக அருந்ததி. கல்யாணத்தன்று பட்டப்பகலில் "அருந்ததி பாரும்மா" என்று காட்டினார்களே, அன்றைக்கு நாம் பார்த்தது பந்தல் துணியைத்தான்! இப்போதாவது நிஜமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த அருந்ததியால் எங்கள் வீட்டில் ஒரு நல்ல காரியம் நடந்தது. போன வருஷம் கோடை லீவுக்கு அண்ணனும் மதினியும் மகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். மூன்றாம் வகுப்பு முடித்தவள். "போர்டில் இருப்பதைத் தப்பும் தவறுமாக எழுதுகிறாள், கவனம் போதாது" என்று பள்ளிக்கூடத்தில் எழுதி அனுப்பியிருந்தார்களாம். ஆறு வயதான என் பையன், "ரெண்டு இருக்கும்மா, பெரிசு ஒண்ணு, குட்டி ஒண்ணு" என்று கத்தினான். அவளோ கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்துவிட்டு, "அத்தை, எனக்கு எல்லாமே மத்தாப்பு மாதிரி கலைஞ்சு தெரியுது" என்றாள்.

"சும்மா சொல்லுதா, அவளுக்கு எல்லாம் விளையாட்டு" என்றாள் மதினி.

எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த நாளே தென்காசியில் கண் டாக்டரிடம் காட்டினோம். கிட்டப்பார்வை, இரண்டு கண்ணிலும் மைனஸ் இரண்டு! கண்ணாடி வந்த அன்று ராத்திரி அவளே எங்களை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அத்தை, இவ்வளவா இருக்கு?" என்றாள். மதினி ஒன்றும் பேசவில்லை.

அந்தக் காலத்து அராபியர்களும் இந்த ஜோடியை வைத்துத்தான் பார்வையைச் சோதித்தார்களாம். ஆனாலும் இது டாக்டர் பரிசோதனைக்கு ஈடாகாது. தூசும் நிலவும் இருந்தால் நல்ல கண்ணுக்கும் அருந்ததி தப்பிவிடுவாள். இரண்டும் தெரிந்துவிட்டதால் கண்ணில் குறையே இல்லை என்றும் அர்த்தமில்லை. மற்றக் குழந்தைகளுக்குத் தெரிவது ஒரு குழந்தைக்கு மட்டும் கலைந்து தெரிந்தால் தாமதிக்காதீர்கள். கண் பழகிய பிறகும் இருட்டில் தட்டுத் தடுமாறினால் மாலைக்கண்ணாக இருக்கலாம், அதையும் காட்டிவிடுங்கள். நட்சத்திரம் பார்த்தால் கண் பலப்படும் என்று சிலர் சொல்வதை நான் நம்புவதில்லை. தினமும் பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடுகிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்பதுதான் ஆராய்ச்சியில் தெரிந்தது.

சரி, வானத்துக்கு வருவோம். அகப்பைக் காம்பின் வளைவை அப்படியே நீட்டினால் ஆரஞ்சு நிறச் சுவாதி, இன்னும் நீட்டினால் வெண்ணீலமாகச் சித்திரை. சித்ரா பௌர்ணமியன்று நிலவு இதன் அருகில்தான் நிற்கும். மாதத்துக்குப் பெயரே அப்படி வந்ததுதான்.

மே நடுவில் ஒன்பது, ஒன்பதரைக்குத் தெற்கே தாழ்வாக நாலு நட்சத்திரம் சிலுவையாக நிமிர்ந்து நிற்கும். நம் கதையில் அந்தரத்தில் தொங்கும் திரிசங்கு இதுதான். டில்லிக்காரர்களுக்கு இது அடிவானத்தோடு ஒட்டிவிடும், நமக்கு அந்தக் குறை இல்லை! அதன் இடப்பக்கம் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள். இடக்கோடியில் இருப்பது ஆல்ஃபா சென்டாரி. சூரியனை விட்டால் கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்களில் நமக்கு மிக அருகில் இருப்பது. அப்படியும் அதன் ஒளி வந்து சேர நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எல்.கே.ஜி.யில் சேரப்போகிற பிள்ளை பிறந்த சமயத்தில் புறப்பட்ட ஒளி! 1689 டிசம்பரில் புதுச்சேரியில் ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், வால் நட்சத்திரம் ஒன்றைத் தொலைநோக்கியில் பார்க்கும்போது, இது ஒன்றல்ல, இரண்டு என்று கண்டுபிடித்தார்.

மே 5, 6 தேதிகளில் விடியற்காலை நாலு மணிக்குக் கிழக்கே எரிநட்சத்திரங்கள் விழும். 1986-ல் வந்துபோய், மறுபடி 2061-ல் வரவிருக்கிற ஹாலி வால் நட்சத்திரம் பல சுற்றுகளாக உதிர்த்த தூசுதான் அவை. வாசல் தெளிக்க எழுந்திருக்கிறவர்கள் அன்றைக்கு ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து, தெருவிளக்கு படாத இடமாகப் பார்த்து உட்காருங்கள். கோலமாவை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.