மூன்றாவது அடாப்டர் வாங்கும் முன்

எங்கள் வாசல் கேட்டில் ஒட்டிய ஸ்ட்ரிப் லைட் மழைக்காலத்தில் அணைந்துபோகும். "அடாப்டர் போச்சு" என்பார் எலக்ட்ரீஷியன். புதியதை மாட்டினால் இரண்டு மாதத்தில் அதுவும் போகும். மூன்றாவது முறைதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

மீட்டருக்கு 14.4 வாட் வீதம் 5 மீட்டர் ஸ்ட்ரிப், 72 வாட். 12 வோல்ட்டில் அது 6 ஆம்பியர். மாட்டியிருந்ததோ 5 ஆம்பியர் அடாப்டர்! பளு மிஞ்சினால் அது கொதிக்கும். உள்ளிருக்கும் கெப்பாசிட்டர் காய்ந்துவிடும். பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிறது. 72 வாட்டுக்கு 90 வாட் அடாப்டராவது வேண்டும்.

அடுத்தது தண்ணீர். ஐபி என்பது தூசி, நீர்த் தடுப்புக் குறியீடு. ஐபி 20 என்று அச்சிட்டது வீட்டுக்குள் மட்டுமே. வெளியே ஐபி 67 வாங்குங்கள். பாலிதீன் பையில் சுற்றிக் கட்டுவது சூட்டையும் ஈரத்தையும் உள்ளேயே பூட்டிவைக்கும். ஒயர் கீழே வளைந்து, அடிப்பக்கமாக அடாப்டர் பெட்டிக்குள் ஏறட்டும். இல்லாவிட்டால் மழைநீர் ஒயர் வழியாகவே உள்ளே வடியும்.

இத்தனையும் சரியாக இருந்தும் போகிறதா? வீட்டு விளக்குகள் திடீரென்று பளிச்சென்று எரிந்து மங்கினால் நியூட்ரல் தளர்ந்து, மின்னழுத்தம் ஏறியிறங்கி அடாப்டரைக் கெடுக்கலாம். தமிழ்நாடு மின்வாரியத்தின் 94987 94987 எண்ணில் உடனே சொல்லுங்கள்.

எனக்குப் பயம் இதில்தான்: மட்டமான அடாப்டரில் 230 வோல்ட்டையும் 12 வோல்ட்டையும் பிரிக்கும் காப்பு பலவீனமானது. தண்ணீர் புகுந்து அது விட்டுப்போனால் இரும்புக் கேட்டிலேயே மின்சாரம் பாயலாம். பள்ளிவிட்டு வரும் பிள்ளை முதலில் பிடிப்பது அந்தக் கேட்டைத்தான். மின்னோட்டம் மிஞ்சினால் மட்டுமே துண்டிக்கும் எம்.சி.பி. இதைத் தடுக்காது. மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வையுங்கள், அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

அடாப்டரில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) பதிவெண் 'ஆர்' எழுத்தில் தொடங்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அது உண்மையா என்று பார்க்கலாம். வாரண்டிக்குள் மாற்றித்தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. குறையுள்ள பொருளால் காயமோ தீயோ நேர்ந்தால் தயாரித்தவரிடமும் இழப்பீடு கேட்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

ஆனால் வீட்டுக்குள் வைக்க வேண்டியதை நீங்களே வெளியே வைத்ததாக எதிர்த்தரப்பு வாதிடும். அதனால் வாங்கும்போதே, எத்தனை வாட் பளு என்பதையும் 'வெளிப்புறப் பயன்பாட்டுக்கு' என்பதையும் பில்லில் எழுதித்தரச் சொல்லுங்கள்.