எலுமிச்சைத் தோலில் ஏறும் சொறி

ராயகிரியிலிருந்து வாசுதேவநல்லூர் வழியாகத் தெற்கே போனால் புளியங்குடி. தென்காசி மாவட்டத்தில் எலுமிச்சை என்றதும் நினைவுக்கு வரும் ஊர். கேரளத்துக்குப் போகும் காய்களுக்கு இங்கேதான் விலை பேசப்படுகிறது. 2025-இல் புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்தப் பெயரைக் கெடுக்க ஒரு பாக்டீரியா போதும். சாந்தோமோனாஸ் சிட்ரி என்ற அந்தக் கிருமி உண்டாக்குவதே சொறி நோய். இலையின் இரு பக்கமும் தக்கை போன்ற பழுப்புத் தடிப்புகள் எழும்பும், சுற்றிலும் மஞ்சள் வளையம் தெரியும். பிறகு குச்சியிலும் காயிலும் சொறி ஏறும். தோலோடு நிற்கும்வரை சாறு பெரும்பாலும் கெடுவதில்லை. ஆனாலும் வியாபாரி பார்ப்பது தோலைத்தான். சாறு நிறைந்த காயும் கழிவு விலைக்குத் தள்ளப்படுகிறது. நோய் முற்றினால் பிஞ்சு உதிரும், நுனிக்குச்சிகள் காயும்.

இத்தாலியின் தெற்கே, சாலெந்தோ பகுதி ஆலிவ் மரங்களில் 2013-இல் கண்டறியப்பட்ட சைலெல்லா என்ற பாக்டீரியா இதைவிடக் கொடியது. சாறு உறிஞ்சும் பூச்சி வழியே உள்ளே போய், நீர் ஏறும் குழாய்களை அடைத்து, நூற்றாண்டுகள் கண்ட மரங்களையே பட்டுப்போக வைத்தது. எலுமிச்சைச் சொறிக்குப் பூச்சி வாகனம் தேவையில்லை. காற்றோடு வரும் மழைத்துளி தெறித்தால் போதும். இலைத்துளைகள் வழியே, முள் கீறிய இடம் வழியே, இலைத்துளைப்பான் புழு குடைந்த தடம் வழியே நுழைந்துவிடும்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் இதை வேரோடு ஒழிக்கப் பார்த்தது. நோய் கண்ட மரத்தைச் சுற்றி 1,900 அடி வரை, பச்சையாக நின்ற எலுமிச்சை, ஆரஞ்சு இன மரங்களையும் சேர்த்து வெட்டினார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் போயின. 2004, 2005 ஆண்டுகளின் சூறாவளிகள் கிருமியை எங்கெங்கோ கொண்டுபோய்ச் சேர்த்ததும், 2006-இல் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது.

நம் தோட்டங்களுக்கு அந்த வழி வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே சொறி பிடித்த குச்சிகளைக் கவாத்து செய்து எரித்துவிட வேண்டும். புதுத் துளிர் விடும்போது லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து தெளிக்கலாம். இது வந்த சொறியை ஆற்றாது. இளம் இலையையும் பிஞ்சையும் காக்கும், அவ்வளவுதான். அதனால் தாமதித்துத் தெளிப்பது வீண் செலவு. பக்கத்துத் தோட்டக்காரரும் அதே வாரத்தில் கவாத்து செய்யாவிட்டால், ஐப்பசி மழை அங்கிருந்து கிருமியைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

கன்று வாங்கும்போதும் கவனம் தேவை. நோய் தொலைதூரம் போவது பெரும்பாலும் நாற்றங்கால் கன்றுகளில்தான். விலை குறைவு என்று இலையில் புள்ளியுள்ள கன்றை எடுக்கக் கூடாது. சங்கரன்கோவில் பக்கத்து வன்னிக்கோனேந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எலுமிச்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சந்தேகமான இலையை அங்கே காட்டிக் கேட்டுவிட்டு நடலாம்.